இணைக் கம்பிகளின் காந்தப்புலம்: சோதனை பிசகும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

மின்னோட்டம் பாயும் இரண்டு நேர்க்கம்பிகளை அருகருகே நிறுத்தி, அவற்றைச் சுற்றி எழும் காந்தப்புலத்தையும் அவை ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசையையும் காட்டும் சோதனை, பாடநூலில் ஒரு படமும் ஒரு சமன்பாடுமாக முடிந்துவிடுகிறது. ஆய்வக மேசையிலோ திசைகாட்டி ஊசி அசைய மறுக்கிறது. இரும்புத்தூள் வட்டமாக அமையாமல் சிதறியே கிடக்கிறது. ஒட்ட வேண்டிய அலுமினியத் தாள்கள் விலகுகின்றன. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று பழைய வடாற்காட்டின் எந்த ஊர்ப் பள்ளி ஆய்வகத்திலும் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே இந்தச் சோதனையைச் செம்மையாகச் செய்ய முடியும். அதற்கு உதவும் பொருட்டு, கண்ணில் படும் குறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் முறையில் இதை எழுதுகிறேன்.

குறிகளுக்குள் நுழையும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை சமன்பாடு தெரியாததால் வருபவை அல்ல. கணக்கில் சேர்க்காமல் விட்ட ஏதோ ஒரு புலத்தால் வருபவை. பாடநூல் படத்தில் கம்பி மேலும் கீழும் முடிவின்றி நீள்கிறது. நம் மேசையில் அப்படி ஒரு கம்பி கிடையாது. ஒரு கம்பி வழியே ஏறிய மின்னோட்டம் வேறொரு கம்பி வழியே இறங்கி மின்வழங்கிக்குத் திரும்பியே தீரும்; அந்தத் திரும்பு கம்பிக்கும் அதே அளவு காந்தப்புலம் உண்டு. இவற்றோடு புவியின் காந்தப்புலமும் எந்நேரமும் அங்கே இருக்கிறது. ஆகவே எந்தக் குறி தென்பட்டாலும், இந்தப் புள்ளியில் எந்தெந்தக் கம்பியின் புலம், எந்தத் திசையில், எவ்வளவு தொலைவிலிருந்து வந்து சேர்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

அளவுகளை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். மின்னோட்டத்தை ஆம்பியரில் எடுத்து 20-ஆல் பெருக்கி, கம்பியின் மையத்திலிருந்து உள்ள தொலைவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதனால் வகுத்தால், புலம் மைக்ரோடெஸ்லாவில் கிடைத்துவிடும். 5 ஆம்பியர் பாயும் கம்பியிலிருந்து 5 சென்டிமீட்டரில் புலம் 20 மைக்ரோடெஸ்லா. வேலூர்ப் பகுதியில் புவிப்புலத்தின் கிடைத்தளக் கூறு 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியது. அதாவது, நாம் காட்ட விரும்பும் புலம், அங்கே ஏற்கெனவே இருக்கும் புலத்தில் பாதிதான். திசைக்கு வலக்கைப் பெருவிரல் விதி போதும்: மின்னோட்டம் மேல்நோக்கி ஏறினால், மேலிருந்து பார்ப்பவருக்குப் புலம் இடஞ்சுழியாகச் சுற்றும்.

இனி வரும் விளக்கங்கள் எல்லாம் ஓர் எளிய அமைப்பை மனத்தில் கொண்டவை. ஒரு மரச்சட்டத்தில் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு செம்புக் கம்பிகள், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் நடு உயரத்தில் ஒரு பிளைவுட் பலகை கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. 10 ஆம்பியர் வரை தரும் நேர்மின் வழங்கி, ரியோஸ்டாட் (மின்தடையை மாற்றும் கருவி), அம்மீட்டர், பிளக் சாவி, டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் சோதனைக்கு வைத்திருக்கும் கமுட்டேட்டர் (மின்னோட்டத்தின் திசையைத் திருப்பும் சாவி) ஆகியவை தொடரில் இணைந்துள்ளன. மின்னோட்டம் போதவில்லை என்பதற்காக வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நேரடியாகக் கம்பியில் இணைக்கவே கூடாது. தடை ஏதும் இல்லாத சுற்றில் அந்தப் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைத் தள்ளும். கம்பி பழுக்கக் காய்வதோடு, பேட்டரியே வெடிக்கவும் கூடும்.

குறி: திசைகாட்டி ஊசி அசையவே இல்லை

முதலில் அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் பேட்டரிக்குப் பதிலாகப் புழங்கும் சிறிய மின்வழங்கிகளான பேட்டரி எலிமினேட்டர்கள் பலவற்றால் 1 ஆம்பியர், 2 ஆம்பியருக்கு மேல் தர முடியாது. 1 ஆம்பியர் ஓடினால் 5 சென்டிமீட்டரில் கிடைப்பது 4 மைக்ரோடெஸ்லா. அது ஊசியை 6 பாகைக்கும் குறைவாகவே திருப்பும். முனை மழுங்கிய பழைய திசைகாட்டியில் அந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. மாறுதிசை மின்னோட்டத்தை இணைத்திருந்தாலும் இதே குறிதான் தோன்றும், ஏனெனில் நொடிக்கு 50 முறை சுழலும் மாற்றத்தை ஊசியால் பின்தொடர முடியாது.

அம்மீட்டர் 5 ஆம்பியர் காட்டியும் ஊசி அசையவில்லை என்றால், திசைகாட்டி நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் ஏறும் ஒரு செங்குத்துக் கம்பிக்குக் கிழக்கே புலம் வடக்கு நோக்கியும், மேற்கே தெற்கு நோக்கியும் இருக்கும். கம்பிக்கு வடக்கே அது மேற்கு நோக்கியும், தெற்கே கிழக்கு நோக்கியும் இருக்கும். ஊசி ஏற்கெனவே வடக்கு பார்த்து நிற்பதால், கம்பிக்குக் கிழக்கே வைக்கப்பட்ட திசைகாட்டியில் கம்பியின் புலம் புவிப்புலத்தோடு ஒரே கோட்டில் சேர்ந்து அதை வலுப்படுத்துமே தவிர, ஊசியைத் திருப்பாது. மேற்கே வைத்தால் புவிப்புலத்தைக் குறைக்கும்; ஆனால் அதை விஞ்சும் வரை ஊசி அப்படியே நிற்கும். வடக்கிலோ தெற்கிலோ வைத்தால்தான் முழு விலக்கமும் கிடைக்கும். இதனால்தான் இரண்டு கம்பிகளையும் இணைக்கும் கோடு வடக்கு தெற்காக அமையும்படி சட்டத்தைத் திருப்பி வைத்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். கிழக்கு மேற்காகச் சட்டத்தை வைத்துவிட்டு, கம்பிகளுக்கு நடுவே திசைகாட்டியை எங்கெங்கோ நகர்த்தி, சமன்பாட்டின் மீதே ஐயம் கொள்ளும் மாணவர்கள் உண்டு.

இடமும் சரியாக இருந்து, ஊசியும் அசையவில்லை என்றால், திரும்பு கம்பியைத் தேட வேண்டும். மேசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி வைப்பது வழக்கம். மின்னணுச் சுற்றுகளில் அது நல்ல பழக்கம். இந்தச் சோதனையிலோ காட்ட வேண்டியதையே அது அழித்துவிடுகிறது. 5 ஆம்பியர் போகும் கம்பிக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் தள்ளி அதே 5 ஆம்பியர் திரும்பி வந்தால், 5 சென்டிமீட்டர் தொலைவில் 20 மைக்ரோடெஸ்லாவுக்குப் பதிலாக ஏறத்தாழ 1.1 மைக்ரோடெஸ்லாதான் மிஞ்சும். ஊசி ஒன்றரைப் பாகை திரும்பும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

குறி: ஊசி திரும்புகிறது, ஆனால் எதிர்பார்த்த கோணம் வரவில்லை

இந்தக் குறிக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் நிலப்பகுதிக்கே உரியது. வெளிநாட்டில் எடுக்கப்பட்ட செயல்விளக்கப் படங்களில் 5 ஆம்பியர் கம்பிக்கு 5 சென்டிமீட்டரில் ஊசி 45 பாகை திரும்புவதைப் பார்த்துவிட்டு, இங்கே 27 பாகைதான் வருகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. லண்டன் பக்கத்தில் புவிப்புலம் பெரும்பாலும் நிலத்துக்குள் சரிந்து இறங்குவதால், அதன் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 20 மைக்ரோடெஸ்லாதான். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், வேலூரில் சரிவுக் கோணம் மிகச் சிறியது. புவிப்புலம் ஏறக்குறைய முழுவதும் கிடைமட்டமாகவே இருக்கிறது. லண்டனில் கம்பியின் 20 மைக்ரோடெஸ்லா, புவியின் 20 மைக்ரோடெஸ்லாவோடு போட்டியிடுகிறது. இங்கே 40 மைக்ரோடெஸ்லாவோடு போட்டியிட வேண்டும். விலக்கக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு இவ்விரண்டின் விகிதம் என்பதால், அதே கம்பி, அதே மின்னோட்டம், வேறு கோணம். இரண்டுமே சரியான விடைகள்.

கிடைத்தளக் கூறு 40 என்பதை வைத்துக் கணக்கிட்டும் விடை பொருந்தவில்லை என்றால், மேசையைச் சோதிக்க வேண்டும். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, திசைகாட்டியைப் பலகையின் மீது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்த வேண்டும். வழியில் ஊசியின் திசை மாறினால், அருகில் இரும்பு இருக்கிறது என்று பொருள்: மேசைக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டம், சுவரோரத்து பீரோ, ஜன்னல் கம்பிகள், தரைக்குள் புதைந்த கான்கிரீட் கம்பிகள், ஒலிபெருக்கியின் காந்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். மேசையை அறையின் நடுவுக்கு இழுத்து, ஊசி எங்கும் ஒரே திசை காட்டும் பரப்பைக் கண்டுபிடித்த பிறகே அளவு எடுக்க வேண்டும்.

அடுத்தது, தொலைவை எங்கிருந்து அளந்தோம் என்பது. கம்பியின் மையத்திலிருந்து ஊசியின் சுழல் முனை வரை அளக்க வேண்டுமே தவிர, திசைகாட்டிப் பெட்டியின் விளிம்பு வரை அளப்பது தவறு. அதோடு, 4 சென்டிமீட்டர் நீள ஊசியைக் கம்பியிலிருந்து 3 சென்டிமீட்டரில் வைத்தால், ஊசியின் இரு முனைகளும் வெவ்வேறு புலங்களை உணர்கின்றன. அங்கே சமன்பாட்டை ஒரு புள்ளிக்கு உரியதாக எழுதுவதற்கே இடமில்லை. விலகு காந்தமானியின் காம்பஸ் பெட்டி இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. அதன் காந்தம் சிறியது, அதன் மேல் உள்ள அலுமினியக் குறிமுள் நீளமானது. குறிமுள்ளின் இரு முனைகளையும் படித்துச் சராசரி எடுக்கலாம்.

கம்பியின் நீளம் எவ்வளவு குறுக்கிடும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். 60 சென்டிமீட்டர் கம்பியின் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் புலம், முடிவிலி நீளக் கம்பிக்குரிய மதிப்பைவிட ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறைகிறது, அதை விட்டுவிடலாம். 20 சென்டிமீட்டர் கம்பியிலிருந்து 10 சென்டிமீட்டரில் அளந்தால், கிடைப்பது 71 விழுக்காடுதான். அதை விட்டுவிட முடியாது.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மிஞ்சும் வேறுபாட்டை நீக்க, கமுட்டேட்டரைவிடச் சிறந்த கருவி இல்லை. மின்னோட்டத்தைத் திருப்பி, கிழக்கே விலகும் கோணத்தையும் மேற்கே விலகும் கோணத்தையும் தனித்தனியே படித்துச் சராசரி எடுத்தால், தொடக்கத்தில் ஊசி சற்றுத் தவறி நின்றதால் வந்த பிழை நீங்கிவிடும். கைபேசியின் காந்த உணரியைப் பயன்படுத்துவோருக்கும் இதுவே வழி. ஃபைஃபாக்ஸ் போன்ற செயலி மூன்று அச்சுகளிலும் புலத்தைத் தனித்தனியாகக் காட்டும். ஆனால் அந்த எண்ணுக்குள் புவிப்புலமும் கைபேசியின் சொந்தக் காந்தங்களும் கலந்திருக்கும். மின்னோட்டம் ஒரு திசையில் ஓடும்போது ஒரு அளவு, எதிர்த் திசையில் ஓடும்போது ஒரு அளவு எடுத்து, வேறுபாட்டில் பாதியைக் கொண்டால் கம்பியின் புலம் மட்டும் மிஞ்சும். காந்தப் பூட்டு உள்ள உறையைக் கழற்றிவிட வேண்டும். உணரி இருக்கும் இடம் கைபேசிக்குக் கைபேசி மாறுவதால், மின்னோட்டம் ஓடும் ஒரு கம்பியைக் கைபேசியின் குறுக்கே நகர்த்தி, அளவு உச்சத்தைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே தொலைவை அளக்க வேண்டும்.

குறி: நடுப்புள்ளியில் புலம் சுழியாகவில்லை

இரு கம்பிகளிலும் ஒரே திசையில் சம மின்னோட்டம் ஓடினால், சரியாக நடுவே இரண்டின் புலங்களும் எதிரெதிராக நின்று நீங்கிவிடும். சுழிப்புள்ளி என்றால் ஊசி திக்குத் தெரியாமல் சுழலும் என்று எதிர்பார்ப்பவர்கள், ஊசி அமைதியாக வடக்கு காட்டுவதைப் பார்த்து, புலம் சுழியாகவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கியது கம்பிகளின் புலம் மட்டுமே. புவிப்புலம் அங்கேயே இருக்கிறது. ஆகவே இந்த அமைப்பில் சுழிப்புள்ளியின் அடையாளம், மின்னோட்டத்தை இயக்கினாலும் நிறுத்தினாலும் ஊசி அசையாமல் வடக்கையே காட்டுவதுதான். ஊசி உண்மையிலேயே தடுமாறும் இடம் வேறு. 5 ஆம்பியர் ஏறும் ஒற்றைக் கம்பிக்கு நேர் மேற்கே 2.5 சென்டிமீட்டரில், கம்பியின் 40 மைக்ரோடெஸ்லா தெற்கு நோக்கியும், புவியின் 40 மைக்ரோடெஸ்லா வடக்கு நோக்கியும் இருப்பதால், அங்கே சிறிய ஊசியை வைத்தால் அது எந்தத் திசையிலும் நிலைக்காது. இரண்டையும் மாணவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், புலங்களின் வெக்டர் கூட்டல் என்பது பிறகு மறக்காது.

நடுவில் வைத்த ஊசி உண்மையாகவே சில பாகை விலகினால், இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். ஊசி நடுவிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், ஒரு கம்பியின் புலம் 22.2, மற்றதன் புலம் 18.2 மைக்ரோடெஸ்லா என்றாகி, 4 மைக்ரோடெஸ்லா மிஞ்சும். விலக்கம் 6 பாகையை நெருங்கும். ஊசி சரியாக நடுவில் இருந்து, பக்க இணைப்பில் மின்னோட்டம் 5.5 ஆம்பியர், 4.5 ஆம்பியர் என்று பிரிந்திருந்தாலும் அதே 4 மைக்ரோடெஸ்லாதான் மிஞ்சும். ஒரு முனையில் துருப்பிடித்த திருகு இருந்தாலே மின்னோட்டம் அப்படிப் பிரிந்துவிடும். எது காரணம் என்று பிரித்தறிய, இரு கம்பிகளையும் தொடரில் இணைக்க வேண்டும். தொடரில் மின்னோட்டம் சமமாகவே இருந்தாக வேண்டும்.

ஆனால் தொடர் இணைப்புக்கு ஒரு விலை உண்டு. முதல் கம்பியில் மேலே ஏறிய மின்னோட்டம் இரண்டாம் கம்பியிலும் மேலே ஏற வேண்டுமானால், முதல் கம்பியின் உச்சியிலிருந்து இரண்டாம் கம்பியின் அடிக்கு ஓர் இணைப்புக் கம்பி இறங்கி வர வேண்டும். அந்த இணைப்பும் ஒரு செங்குத்துக் கம்பிதான், அதில் ஓடுவதும் அதே 5 ஆம்பியர்தான், திசை மட்டும் எதிர். அது நடுப்புள்ளிக்கு வடக்கே 20 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் 5 மைக்ரோடெஸ்லா சேர்த்து, ஊசியை 7 பாகை திருப்பிவிடும். அதைத் தொலைவில் கொண்டுபோகலாம். அதைவிட எளிய வழி, அந்த இணைப்பை நடுப்புள்ளிக்கு நேர் கிழக்கே தொங்கவிடுவது. அப்போது நடுப்புள்ளியில் அதன் புலம் வடக்கு தெற்குக் கோட்டில் விழுவதால், ஊசியைத் திருப்பும் வலு அதற்கு இராது. இந்த ஒரு மாற்றம் சோதனையின் துல்லியத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைச் செய்து பார்த்துத்தான் நம்ப முடியும்.

மின்னோட்டங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும்போது நடுவில் சுழியைத் தேடுவது வீண். அங்கே இரு புலங்களும் கூடி, நம் அமைப்பில் 40 மைக்ரோடெஸ்லாவாகி, ஊசியை 45 பாகை திருப்பும். சமமற்ற மின்னோட்டங்களுக்குச் சுழிப்புள்ளி இடம் மாறும்: 8 சென்டிமீட்டர் இடைவெளியில் 6 ஆம்பியரும் 2 ஆம்பியரும் ஒரே திசையில் ஓடினால், அது கம்பிகளுக்கு இடையில், 2 ஆம்பியர் கம்பியிலிருந்து 2 சென்டிமீட்டரில் இருக்கும், எதிர்த் திசையில் ஓடினால், கம்பிகளுக்கு வெளியே, 2 ஆம்பியர் கம்பிக்கு அப்பால் 4 சென்டிமீட்டரில் இருக்கும். சமமான எதிர் மின்னோட்டங்களுக்கு அந்தக் கோட்டில் எங்குமே சுழிப்புள்ளி கிடையாது.

குறி: இரும்புத்தூளில் வடிவம் தோன்றவில்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஒற்றைக் கம்பியின் புலம் தூளைத் திருப்பப் போதாது. 5 ஆம்பியர் கம்பிக்கு 1 சென்டிமீட்டரில் 100 மைக்ரோடெஸ்லாதான் இருக்கிறது. தூளுக்கும் தாளுக்கும் உள்ள உராய்வை வெல்ல இதைவிடப் பன்மடங்கு வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி வாங்கி, 60-க்கு 40 சென்டிமீட்டர் மரச்சட்டத்தில் 20 சுற்றுகள் சுற்றினால், 5 ஆம்பியரே 100 ஆம்பியர் கம்பிக்கு நிகராக வேலை செய்யும். 1 சென்டிமீட்டரில் 2000 மைக்ரோடெஸ்லா கிடைக்கும். இங்கும் சட்டத்தின் எதிர்ப்பக்கம் திரும்பு கம்பியாக நிற்கிறது: ஒரு கட்டிலிருந்து உள்பக்கமாக 3 சென்டிமீட்டரில் அந்தக் கட்டின் புலம் 667 என்றால், 37 சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள எதிர்க்கட்டு இன்னும் 54 மைக்ரோடெஸ்லா சேர்க்கிறது. எதிர்த் திசை மின்னோட்டங்களின் வடிவத்தைக் காட்ட, இதே 20 சுற்றை 10 சென்டிமீட்டர் அகலச் சட்டத்தில் சுற்றினால் போதும். ஒரே திசை மின்னோட்டங்களுக்கு இரண்டு பெரிய சட்டங்களின் ஒவ்வொரு பக்கத்தை அருகருகே கொண்டுவர வேண்டும். தூளை மெலிதாகத் தூவி, தாளை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். துருப்பிடித்துக் கட்டியான தூள் எந்தப் புலத்திலும் அசையாது.

குறி: அலுமினியத் தாள்கள் அசையவில்லை, அல்லது தவறான பக்கம் அசைகின்றன

தொங்கும் இரண்டு அலுமினியத் தாள் கீற்றுகளில் மின்னோட்டம் செலுத்தி விசையைக் காட்டும் இந்தப் பகுதியைத்தான் மாணவர்கள் மிகவும் விரும்புகிறார்கள். 1820-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் ஊசி திரும்புவதைக் கண்டதை அறிவித்த அதே ஆண்டிலேயே, பாரிசில் ஆம்பியர் இணைக் கம்பிகளின் ஈர்ப்பையும் விலக்கத்தையும் காட்டினார். நம் மேசையில் நிகழ்வதும் அதுவே.

விசையின் அளவுக்கும் அந்த 20 உதவுகிறது. இரு மின்னோட்டங்களையும் 20-ஐயும் பெருக்கி, சென்டிமீட்டர் இடைவெளியால் வகுத்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கான விசை மைக்ரோநியூட்டனில் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் இடைவெளியில் 5 ஆம்பியர் ஓடும் 30 சென்டிமீட்டர் கீற்றின் மீது 150 மைக்ரோநியூட்டன் விசை செயல்படும். அது 15 மில்லிகிராம் எடைக்குச் சமம். 1 சென்டிமீட்டர் அகலமுள்ள சமையலறை அலுமினியத் தாள் கீற்று 90 மில்லிகிராம் அளவில் இருக்குமாதலால், சற்றுத் தளர்வாகக் கட்டினால் அசைவு நன்றாகத் தெரியும். 2 ஆம்பியருக்கு இறங்கினால் விசை இரண்டரை மில்லிகிராம் எடைக்குக் குறைந்துவிடும். அப்போது எதுவும் தெரியாது. அகலமான கீற்றுகளுக்கு மெல்லிய கம்பியின் சமன்பாடு தோராயமாகவே பொருந்தும் என்பதால், இங்கே திசையைச் சரிபார்க்க வேண்டுமே தவிர எண்ணைச் சரிபார்க்கக் கூடாது. கீற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் தளர்த்த வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வேலூர்க் கோடையில் அது கடினம்தான், ஆனாலும் வேறு வழியில்லை.

கீற்று அசைந்ததாலேயே அது காந்த விசை என்று கொள்ளக் கூடாது. 50 பாகை சூடேறிய 30 சென்டிமீட்டர் அலுமினியக் கீற்று மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். அந்தச் சிறு நீட்சியே நடுவில் பல மில்லிமீட்டர் வளைவாகத் தெரியும். இரு கீற்றுகளிலும் மின்னோட்டத்தைச் சேர்த்துத் திருப்பினால் விசையின் திசையும் மாறாது, வெப்பமும் மாறாது. ஆகவே அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. ஒரு கீற்றின் இணைப்பை மட்டும் மாற்றிப் போட வேண்டும். ஈர்ப்பு விலக்கமாக மாறினால் அது காந்த விசை. கீற்று முன்பு போலவே வளைந்து நின்றால் அது வெப்பம்.

விலக வேண்டியவை ஒட்டினாலோ, ஒட்ட வேண்டியவை விலகினாலோ, கம்பியின் நிறத்தை நம்பாமல், மின்வழங்கியின் நேர்முனையிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே சுற்றைத் தொடர வேண்டும். இரண்டு கீற்றுகளின் அடிமுனைகளை ஒன்றாக இணைத்து, மேல்முனைகளில் மின்சாரம் கொடுத்தால், ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும், அவை விலகும். மேல்முனைகளை ஒன்றாகவும் அடிமுனைகளை ஒன்றாகவும் இணைத்தால், இரண்டிலும் ஒரே திசையில் ஓடும், அவை ஈர்க்கும். ஒத்த மின்னூட்டங்கள் விலகும் என்று படித்த மனம், ஒத்த மின்னோட்டங்களும் விலகும் என்று தானாகவே எதிர்பார்க்கிறது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. ஒரு கீற்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் அசைந்தால், அதில் மின்னோட்டம் அதிகம் என்று முடிவு செய்யக் கூடாது. மின்னோட்டங்கள் சமமற்றவையாக இருந்தாலும் இரண்டின் மீதும் விசை சமமே, தளர்வுதான் வேறுபடுகிறது.

குறி: கணக்கில் விடை இரு மடங்காகவோ பாதியாகவோ வருகிறது

பாதியாக வந்தால், கம்பியின் ஒரு சிறு கூறுக்கான சமன்பாட்டில் வரும் 10-இன் அடுக்கு கழித்தல் 7 என்ற எண்ணை நீண்ட கம்பிக்கும் அப்படியே எழுதியிருப்பார்கள். நீண்ட கம்பிக்கு அதை 2-ஆல் பெருக்க வேண்டும். இரு மடங்காக வந்தால், விசையைக் கணக்கிடும்போது இரு கம்பிகளின் புலத்தையும் கூட்டியிருப்பார்கள். ஒரு கம்பியின் மீது விசை செலுத்துவது மற்றதன் புலம் மட்டுமே, அதுவும் முழு இடைவெளியில் உள்ள மதிப்பு. நடுப்புள்ளியின் மதிப்பு அன்று. 1 மீட்டர் இடைவெளியில் 1 ஆம்பியர் ஓடும் இரு கம்பிகளுக்கு, மீட்டருக்கு 2-ஐப் பெருக்கிய 10-இன் அடுக்கு கழித்தல் 7 நியூட்டன் என்ற மதிப்பு, 2019 மே 20 வரை ஆம்பியரின் வரையறையாகவே இருந்தது. இப்போது வரையறை எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு அமைந்தாலும், நம் கணக்குகளுக்கு அந்த எண் மாறவில்லை.

மாணவர்களை உண்மையிலேயே குழப்பும் கணக்கு ஒன்று உண்டு. 5 சென்டிமீட்டர் இடைவெளியில் 6 ஆம்பியர் ஓடும் இரு கம்பிகள். ஒன்றிலிருந்து 3 சென்டிமீட்டரும் மற்றதிலிருந்து 4 சென்டிமீட்டரும் தள்ளிய ஒரு புள்ளி. புலங்கள் 40, 30 மைக்ரோடெஸ்லா. தொகுபயன் 50. ஒரு கம்பியின் மின்னோட்டத்தைத் திருப்பினாலும் தொகுபயன் அதே 50-ஆகவே இருப்பதால், எங்கோ தவறு நேர்ந்துவிட்டது என்று விடையை அடித்துவிடுகிறார்கள். அந்தப் புள்ளியில் இரு புலங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் ஒன்றைத் திருப்பினால் தொகுபயனின் திசை மாறும், எண்மதிப்பு மாறாது. விடை சரிதான்.

குறி: மோட்டார் ஓடுகிறது, க்ளாம்ப் மீட்டர் சுழி காட்டுகிறது

பள்ளியை விட்டுப் பணிமனைக்குப் போகும் மாணவர், இதே இயற்பியலை வேறு உருவில் சந்திக்கிறார். கம்பியைத் துண்டிக்காமல் வளைத்துப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் க்ளாம்ப் மீட்டரின் தாடை, தனக்குள் செல்லும் மின்னோட்டங்களின் கூடுதலை மட்டுமே அறியும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்து வளைத்துப் பிடித்தால் கூடுதல் சுழி. மும்முனை மோட்டாரின் மூன்று கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தாலும் சுழியே. ஒரே ஒரு கம்பியை மட்டும் பிரித்துப் பிடித்தால் அளவு கிடைக்கும். மாறாக, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தும் அளவு காட்டினால், போன மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேறு வழியில் திரும்புகிறது என்று பொருள். ஆழ்துளைக் கிணற்றின் சப்மெர்சிபிள் மோட்டாரில், நீருக்குள் இருக்கும் கேபிள் இணைப்பு பழுதாகி மண்ணுக்குள் மின்சாரம் கசிவதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்; அதற்கு மில்லிஆம்பியர் அளவைக் காட்டும் கசிவு க்ளாம்ப் வேண்டும். வீட்டுப் பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் போகும், வரும் மின்னோட்டங்களை இப்படிக் கூட்டிப் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

இதன் மறுபக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் உள்ளதுபோல நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் மின்பலகைகளில் தெரியும். மூன்று முனைக் கம்பிகளையும் இரும்புத் தகட்டில் தனித்தனித் துளைகள் வழியே நுழைத்தால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உள்ள இரும்பு அந்தந்தக் கம்பியின் நீங்காத புலத்தால் நொடிக்கு 50 முறை காந்தமாகித் திரும்பி, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். கம்பி சூடேறுகிறது என்று எண்ணித் தடித்த கம்பியை மாற்றிப் போடுவதால் பயனில்லை. மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்து, உறுதிசெய்துகொண்டு, மூன்று கம்பிகளையும் ஒரே பெரிய துளை வழியே சேர்த்து நுழைக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால், துளைகளுக்கு இடையே உள்ள இரும்பை வெட்டித் திறந்துவிடலாம், அல்லது அந்தத் தகட்டுக்குப் பதிலாக காந்தமாகாத, மின்காப்புள்ள ஹைலம் பலகையைப் பொருத்தலாம். ஒற்றைக் கம்பி மட்டும் செல்லும் இரும்புக் குழாய் சூடேறினாலும் இதே காரணம்தான். அதன் திரும்பு கம்பியையும் அதே குழாய்க்குள் இழுத்துவிட்டால் குழாயின் சூடு தணிந்துவிடும்.